யல்லாஷோங்: ஐம்பது அடிச் சுருளில் தொடங்கிய ஒரு மாணவர் திரைப்பட மன்றம்

தென் கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் 1979-இல் திரைப்படத் துறை கிடையாது. படம் எடுக்கப் படிக்க நினைத்தவர்கள் சுங்-ஆங், ஹான்யாங், டொங்குக் பல்கலைக்கழகங்களுக்குப் போனார்கள். நாட்டின் முதல் பல்கலைக்கழகம் என்று பெயரெடுத்த இடத்தில் சிற்பம், மானிடவியல், பொறியியல் என்று ஆளுக்கொரு பாடம் படித்துக்கொண்டிருந்த சிலர் அந்த ஆண்டு ஒரு திரைப்பட ஆய்வு மன்றம் தொடங்கினார்கள். பெயர் யல்லாஷோங். கொரியோ அரச காலத்துப் பழம்பாட்டு ஒன்றின் பல்லவியில் ‘யல்லி யல்லி யல்லாஷோங்’ என்று வரும். நம் ‘ஏலேலோ’வைப் போலப் பொருளில்லாத, வாய்க்கு இதமான ஒலி.

அங்கிருந்து வந்தவர்களின் பட்டியல் நீளமானது. பார்க் குவாங்-சூ 1988-இல் ‘சில்சூவும் மன்சூவும்’ எடுத்தார். கொரியப் புதிய அலையைப் பலரும் அந்தப் படத்திலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறார்கள். கிம் ஹோங்-ஜூன், ஹோங் கி-சோன், ஹ்வாங் கியூ-தோக் ஆகியோரும் இயக்குநர்கள் ஆனார்கள். இந்த வட்டத்தைச் சேர்ந்த சோங் நுங்-ஹான் 1997-இல் ‘நம்பர் 3’ இயக்கினார். இன்று உலகம் அறிந்த இயக்குநர் செலின் சோங் அவருடைய மகள்.

திறமைசாலிகள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூடிவிட்டார்கள், அவ்வளவுதான் என்று இந்தக் கதையை முடித்துவிடுவது வழக்கம். அந்த விளக்கம் போதாது. திறமைசாலிகள் கூடிய மன்றங்கள் எத்தனையோ நான்கே ஆண்டில் கலைந்திருக்கின்றன. இந்த ஆய்வு இரண்டு விஷயங்களைப் பின்தொடர்கிறது: எடுத்த படத்தை யாருக்கு, எங்கே, எப்படிக் காட்டுவது என்ற கேள்வி, பட்டம் வாங்கிக்கொண்டு வெளியேறுகிறவரின் கைப்பழக்கம் எங்கே போய்ச் சேர்கிறது என்ற கேள்வி.

சட்டம் விட்ட சந்து

1973-இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டப்படி அரசின் உரிமம் பெற்ற நிறுவனம் மட்டுமே படம் தயாரிக்கலாம். நாடு முழுவதற்கும் அப்படிப்பட்ட நிறுவனங்கள் ஏறத்தாழ இருபதுதான். வெளிநாட்டுப் படங்களை இறக்குமதி செய்யும் உரிமையும் அவர்களிடமே இருந்தது; உள்நாட்டுப் படம் எடுத்தால்தான் அந்த உரிமை கிடைக்கும். காசு இறக்குமதிப் படத்தில். உள்ளூர்ப் படமோ கணக்குக் காட்ட எடுப்பது. எனவே அவசர அவசரமாக எடுத்துத் தள்ளினார்கள். அதற்குள் நுழைய ஒரே வழி, யாரோ ஒரு இயக்குநரிடம் உதவியாளராகச் சேர்ந்து வருடக்கணக்கில் காத்திருப்பது.

நல்ல படம் பார்ப்பதற்கும் பொதுத் திரையரங்கு உதவவில்லை. தணிக்கை கடுமை. சியோலில் இருந்த பிரெஞ்சுப் பண்பாட்டு மையமும் ஜெர்மனியின் கோத்தே நிறுவனமும்தான் கதவு திறந்து வைத்திருந்தன. பெரும்பாலும் கொரிய மொழி வசன வரிகூட இருக்காது. அங்கே உட்கார்ந்து சினிமா கற்றவர்களைக் கொரியாவில் ‘பண்பாட்டு மையத் தலைமுறை’ என்றே சொல்வார்கள்.

மிச்சம் இருந்தது 8 மி.மீ. அகலச் சுருள். வீட்டு விசேஷம் பிடிக்கும் அமெச்சூர் சாமான் என்பதால் சட்டம் அதை நெடுநாள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மன்றம் அந்தச் சந்துக்குள் நுழைந்தது. சந்து எவ்வளவு குறுகலானது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கவேண்டும். மன்றத்தின் பாணியில் பாதி அதிலிருந்துதான் வந்தது.

ஐம்பது அடியின் கணக்கு

1970-களின் கடைசியில் 8 மி.மீ. என்றால் கோடாக் 1965-இல் கொண்டுவந்த சூப்பர் 8, இல்லையென்றால் அதே ஆண்டில் ஃப்யூஜி கொண்டுவந்த சிங்கிள் 8. சூப்பர் 8 கார்ட்ரிட்ஜ் (கேமராவில் சொருகும் பெட்டி) ஒன்றில் 50 அடிச் சுருள் இருக்கும். அடிக்கு 72 ஃபிரேம், மொத்தம் 3,600. நொடிக்கு 18 ஃபிரேம் வீதம் ஓடினால் 3 நிமிடம் 20 நொடி, 24 வீதம் ஓடினால் 2 நிமிடம் 30 நொடி. அத்தோடு தீர்ந்தது.

இருபது நிமிடப் படத்துக்கு 18 ஃபிரேமில் 6 கார்ட்ரிட்ஜ் போதும், ஒரு ஷாட்கூட வீணாகாவிட்டால். மாணவர்கள் எடுக்கும் படத்தில் அது நடக்காது. மூன்று பங்கு எடுத்து ஒரு பங்கை வைத்துக்கொள்வது சிக்கனமான கணக்கு. அதற்கு 18 கார்ட்ரிட்ஜ் வேண்டும். அதையே 24 ஃபிரேமில் எடுத்தால் 24 கார்ட்ரிட்ஜ். ஆக, வேகத்தைத் தேர்ந்தெடுப்பதே செலவைத் தேர்ந்தெடுப்பதுதான். மாணவர் படங்கள் பெரும்பாலும் 18-இல் நின்றதற்கு இதுவே காரணம். 18-இல் எடுத்ததை யாராவது மறதியாக 24-இல் ஓட்டிவிட்டால் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடி, சாவு ஊர்வலம்கூடச் சிரிப்புப் படமாகிவிடும். சுருள் டப்பாவின் மேல் வேகத்தைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவது சின்ன வேலைதான். ஒட்டாத டப்பா எல்லா மன்றத்திலும் ஒன்றாவது இருக்கும்.

அடுத்தது வெளிச்சம். அக்காலத்தில் பரவலாகக் கிடைத்த வண்ணச் சுருளின் ‘வேகம்’, அதாவது ஒளியுணர்திறன், செயற்கை ஒளியில் 40 ஏ.எஸ்.ஏ. வெயிலில் எடுக்கும்போது கேமராவுக்குள் இருக்கும் ஆரஞ்சு வடிகட்டி குறுக்கே வரும், அந்த உணர்திறன் 25-க்கு இறங்கும். வெளிப்புறத்தில் கவலையில்லை. உள்ளே வந்தால்தான் சிக்கல். எஃப் 1.8 லென்ஸ், நொடிக்கு 18 ஃபிரேம், 40 ஏ.எஸ்.ஏ. என்று கணக்குப் போட்டால் முகத்தில் ஏறத்தாழ 900 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) விழவேண்டும். சாதாரண வகுப்பறையில் 300 லக்ஸ் இருந்தால் அதிகம். ஒன்றரை ஸ்டாப் குறைகிறது (ஒரு ஸ்டாப் குறைவது என்றால் வெளிச்சம் பாதியாவது). எடுத்த சுருளே திரையில் ஓடும் படமாகிவிடும் ரிவர்சல் வகை, அரை ஸ்டாப் பிழையைத்தான் பொறுக்கும். போதாததற்கு, குழல்விளக்கு முகத்தில் பச்சை பூசும். இதனால் மாணவர் 8 மி.மீ. படங்களில் தெரு, மைதானம், மொட்டைமாடி, வயல் ஆகியவையே திரும்பத் திரும்ப வருகின்றன. விமர்சகர்கள் அதில் அழகியலைக் கண்டார்கள். இருக்கலாம். லக்ஸ் கணக்கும் இருக்கிறது.

சியோலில் இன்னொரு தடையும் இருந்தது. 1982 ஜனவரி வரை நள்ளிரவு முதல் காலை 4 மணி வரை ஊரடங்கு. பன்னிரண்டு மணிக்குள் வீடு சேர முடியாத வேலை என்றால் விடியும்வரை உள்ளேயே கிடக்கவேண்டும்.

கேமராவுக்குள் நடக்கும் கோளாறுகள் சில்லறையானவை, ஆனால் படத்தையே காலி செய்பவை. சூப்பர் 8-இல் சுருளைத் தட்டையாக அழுத்திப் பிடிக்கும் தகடு கேமராவில் கிடையாது. பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது. கார்ட்ரிட்ஜ் சரியாகச் சொருகாவிட்டால் படம் முழுக்க மங்கித் துடிக்கும். குளிரில் சுருள் விறைத்துச் சிக்கிக்கொள்ளும். கேமராவை இயக்கும் முன் கார்ட்ரிட்ஜை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டுவது பழைய கைமருந்து. நடுவில் மூடியைத் திறந்தால் வெளியே தெரியும் சில ஃபிரேம்கள் மட்டுமே வெளுக்கும், மற்றவை தப்பும். இது தெரியாமல் முழுச் சுருளையும் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. சிங்கிள் 8-இல் அழுத்துத் தகடு கேமராவிலேயே இருப்பதால் படம் நிலையாக நிற்கும், சுருளைப் பின்னோக்கிச் சுற்றி இரட்டைப் பதிவும் செய்யலாம். அதன் அடித்தளம் பாலியெஸ்டர் என்பது வெட்டி ஒட்ட உட்காரும் நாளில்தான் நினைவுக்கு வரும்.

ஒரே பிரதி

ரிவர்சல் சுருளுக்கு நெகட்டிவ் இல்லை. கேமராவில் ஓடியது எதுவோ அதுவே கழுவப்பட்டு, அதுவே வெட்டப்பட்டு, அதுவே புரொஜெக்டரில் ஓடும். தொழில்முறைப் படத்தில் முதலில் ஒர்க் பிரிண்ட் எனும் நகலில் வெட்டிப் பார்த்துவிட்டு, பிறகுதான் மூலத்தில் கை வைப்பார்கள். இங்கே முதல் வெட்டே மூலத்தில்.

சூப்பர் 8-இன் அசிடேட் அடித்தளச் சுருளைப் பசைத் திரவத்தால் ஒட்டலாம். ஒரு முனையின் மேற்பூச்சைச் சுரண்டி, இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கவேண்டும். ஒட்டு உறுதியாக நிற்கும். ஆனால் பிரித்து மாற்றினால் ஒவ்வொரு தடவையும் ஒரு ஃபிரேம் போய்விடும். பாலியெஸ்டரில் இந்தப் பசை வேலையே செய்யாது, டேப்தான் ஒரே வழி. டேப் ஒட்டைப் பிரித்து மீண்டும் ஒட்டலாம், ஃபிரேம் இழப்பு இல்லை. ஆனால் நாளானால் பசை கசிந்து தூசி பிடிக்கும். இரண்டு வகைச் சுருளையும் ஒரே படத்தில் கலந்தால் தடிமன் வித்தியாசத்தால் ஒவ்வொரு ஒட்டிலும் ஃபோகஸ் நழுவும். காட்டுகிறவர் லென்ஸில் கை வைத்தபடியே நிற்கவேண்டியதுதான்.

இருபது நிமிடப் படத்தில் ஷாட் ஒன்றுக்கு சராசரி 6 நொடி என்றால் 200 ஷாட், அதாவது 200 ஒட்டு. ஒன்றுக்கு இரண்டரை நிமிடம் வைத்தால் எட்டு மணி நேரத்துக்கு மேல். யோசிக்கும் நேரம் தனி. ஆகவே காகிதத்திலேயே படத்தை வெட்டி முடித்துவிட்டுச் சுருளைத் தொடுவது நல்லது: ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு சீட்டு, அதில் எண், நீளம், தொடக்கத்திலும் முடிவிலும் என்ன இருக்கிறது என்ற குறிப்பு. சுவரில் வரிசையாக ஒட்டி, நாலு பேர் நின்று சண்டை போட்டு முடித்த பிறகு கத்தரி. படிப்பு வட்டமாகத் தொடங்கிய மன்றங்களுக்கு இது இயல்பாக வரும். பேசிப் பழகியவர்கள் சுவரின் முன்னும் பேசுவார்கள்.

ஒலிக்கு வருவோம். சுருளின் ஓரத்தில் காந்தப் பட்டை ஒட்டிப் பேச்சைப் பதியலாம்தான். ஆனால் சூப்பர் 8-இல் ஒலி படத்துக்கு 18 ஃபிரேம் முன்னால் இருக்கும். ஒலியோடு எடுத்த சுருளை வெட்டினால், 18 ஃபிரேம் வேகத்தில் சரியாக ஒரு நொடி ஒலி பக்கத்து ஷாட்டுக்குள் புகுந்துவிடும். அதனால் பலர் கேசட் டேப்பைத் தனியாக ஓட்டினார்கள். டேப்புக்கும் புரொஜெக்டருக்கும் வேகத்தில் 1 சதவீத வித்தியாசம் இருந்தால் இருபது நிமிட முடிவில் 12 நொடி விலகல். உதட்டசைவோடு பேச்சு பொருந்தாது. பொருந்தக்கூடியவை பின்னணிக் குரல், பாட்டு, மேளம், கூட்டத்தின் இரைச்சல், வேறெங்கோ எடுத்த பேட்டி. பேட்டிக் குரல் மேலே ஓட, கீழே வேறு காட்சிகள் ஓடும் வடிவம் இந்தப் பன்னிரண்டு நொடிக்குத் தோதானது.

1980, பின்பு 1982

மன்றம் தொடங்கிய ஆண்டின் அக்டோபர் 26-இல் அதிபர் பார்க் சுங்-ஹீ சுட்டுக் கொல்லப்பட்டார். டிசம்பரில் சுன் டூ-ஹ்வானின் ராணுவக் கவிழ்ப்பு. 1980 மே மாதம் ராணுவச் சட்டம் நாடு முழுக்க விரிந்தது, பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன, குவாங்ஜு நகரில் எதிர்த்து எழுந்த மக்களை ராணுவம் படுகொலை செய்தது. வளாகம் திரும்பத் திறந்தபோது சீருடை இல்லாத போலீஸ் உள்ளேயே உட்கார்ந்திருந்தது. 1984 தொடக்கம்வரை அந்த நிலைதான்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு திரைப்பட மன்றம் என்ன செய்யும்? பக்கத்திலேயே முகமூடி நடன மன்றங்களும் திறந்தவெளி நாடகக் குழுக்களும் இருந்தன. மேடை கிடையாது, வட்டமாக உட்கார்ந்த கூட்டத்தின் நடுவே ஆட்டம், பார்ப்பவரும் பாதி ஆட்டக்காரர். திரைப்பட மன்றத்தார் கேமராவை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார்கள். 1982-இல் வந்த ‘பன்னோரி அரிராங்’ ஒரு நாடக நிகழ்ச்சியின் பதிவு. ஆடியவர்களோடு பார்த்தவர்களும் அதில் பேசுகிறார்கள்.

அந்தப் படம் வந்தபோது மன்றத்தைத் தாண்டி இன்னொரு பெயர் முளைத்திருந்தது. 1982 மார்ச்சில், பட்டம் பெற்று வெளியேறிய யல்லாஷோங் உறுப்பினர்கள் சேர்ந்து ‘சியோல் திரைப்படக் குழு’ தொடங்கினார்கள். எங்கள் கணிப்பில் இந்த வரலாற்றின் திருப்பம் இதுதான். எந்தப் படமும் இவ்வளவு முக்கியமில்லை.

காரணம், மாணவர் மன்றத்தின் ஆயுள் கணக்கு. நான்கு ஆண்டுப் படிப்பு. முதலாண்டு மாணவர் கேமரா பிடிக்கக் கற்று, ஒரு படத்தில் உதவி செய்து, சொந்தமாக ஒன்று எடுக்கும்போது மூன்றாம் ஆண்டு. கொரியாவில் ஆண்களுக்கு நடுவில் ராணுவ சேவை வேறு, அன்று இரண்டு ஆண்டுக்கு மேல். இரண்டாம் ஆண்டு முடித்துப் போகிறவர் திரும்பி வரும்போது மன்றத்தில் தெரிந்த முகமே இருக்காது. கற்றதெல்லாம் ஆளோடு வெளியேறும். அடுத்த தொகுதி அதே கார்ட்ரிட்ஜை அதே மாதிரித் தப்பாகச் சொருகும்.

வெளியே ஒரு குழு இருந்தால், வெளியேறுகிறவருக்குப் போக ஒரு இடம், உள்ளே இருப்பவருக்குக் கேட்க ஒரு ஆள். ஆனால் விலையும் உண்டு. கை தேர்ந்தவர்கள் வெளியே போய்ச் சொந்தப் படம் எடுக்க ஆரம்பித்தால், உள்ளே இருப்பது புதியவர்களின் பயிற்சிக் கூடமாகச் சுருங்கிவிடும் ஆபத்து. யல்லாஷோங்கின் பெயர் வரலாற்று நூல்களில் 1982-க்குப் பிறகு அருகிப்போவதையும், சியோல் திரைப்படக் குழுவின் பெயரே அடிக்கடி வருவதையும் பார்த்தால் அந்த விலை கொடுக்கப்பட்டதாகவே தோன்றுகிறது. மன்றம் சாகவில்லை, 2010-களிலும் அதே பெயரில் வளாகத்தில் இயங்கியது. பளு மட்டும் இடம் மாறியது.

குழு 1983-இல் ஒரு தொகுப்பு நூலும் வெளியிட்டது. மூன்றாம் உலக நாடுகளின் திரைப்படச் சிந்தனையைக் கொரிய மொழியில் கொண்டுவந்த ஆரம்ப முயற்சிகளில் ஒன்று. ஒரே பிரதியாக இருக்கும் படம் ஓர் ஊரில் ஓடும்போது மற்ற ஊரில் இருக்காது. புத்தகம் எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் இருக்கும். மற்றப் பல்கலைக்கழக மன்றங்களுக்கு இவர்கள் முதலில் போய்ச் சேர்ந்தது படமாகவா, அச்சாகவா என்று கேட்டால், அச்சாகத்தான் இருக்கவேண்டும்.

காட்டும் வேலை

1984 ஜூலையில் ‘சிறிய திரைப்பட விழா’ நடந்தது. வளாகத்திலிருந்து போலீஸ் வெளியேறிய சில மாதங்களில். வெவ்வேறு இடங்களில் தனித்தனியாக எடுக்கப்பட்ட குறும்படங்கள் ஒன்றாகத் திரையேறின. ‘சிறிய திரைப்படம்’ என்ற சொல் அதன்பின் கொரியாவில் ஒரு வகைமையின் பெயராகவே நிலைத்தது.

8 மி.மீ. படத்தைக் கூட்டத்துக்குக் காட்டுவது எடுப்பதைவிடக் கடினம். புரொஜெக்டர் விளக்கு 100 அல்லது 150 வாட் ஹாலஜன். ஃபிரேமின் அகலமோ ஐந்தரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இரண்டு மீட்டர் அகலத் திரைவரை படம் தாங்கும். நான்கு மீட்டராக்கினால் அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவி, வெளிச்சம் கால் பங்காகும். வழக்கமான 15–25 மி.மீ. ஜூம் லென்ஸில் இரண்டு மீட்டர் அகலம் கிடைக்க, புரொஜெக்டரைத் திரையிலிருந்து ஏறத்தாழ 6 முதல் 9 மீட்டருக்குள் வைக்கவேண்டும். அப்படியானால் அது அறையின் நடுவில், பார்வையாளர் மத்தியில் நிற்கும். அதன் இரைச்சல் கேசட்டின் ஒலியை விழுங்கும். ஸ்பீக்கரைத் திரையடியில் வைத்து, புரொஜெக்டரைச் சுற்றி நான்கைந்து நாற்காலிகளைக் காலியாக விடுவது நல்லது. ஜன்னலை அடைக்கக் கறுப்புத் துணி, மாற்று விளக்கு ஒன்று (விரலால் தொடக்கூடாது; எண்ணெய்ப் பிசுக்குப் பட்ட இடம் சூடேறி வெடிக்கும்), விளக்கின் முன் ஃபிரேம் நிற்கும் ‘கேட்’ என்ற சாளரத்தில் சேரும் மயிரைத் துடைக்க மெல்லிய தூரிகை, தனி டேப் ஒட்டி. இவ்வளவும் ஒரு பெட்டியில். ஒட்டு அறுந்து சுருள் நின்றால், நின்ற ஃபிரேம் விளக்குச் சூட்டில் கருகும். முன்பே சொன்னபடி, இருப்பதே ஒரு பிரதி.

அதே 1984-இல் குழு ‘சுரிசே’யை எடுத்தது. குரே வட்டார விவசாயிகள் பாசன நீர்வரிக்கு எதிராக நடத்திய போராட்டம் பற்றிய 8 மி.மீ. ஆவணப்படம். வளாக அரங்கில் கூடிய ரசிகரிடமிருந்து வயலில் இருக்கும் ஆளிடம் கேமரா போனது. 1986-இல் ‘நீலப்பறவை’, மீண்டும் விவசாயிகள் பற்றி. இந்த முறை சட்டம் அந்தச் சந்துக்குள்ளும் எட்டிப் பார்த்தது. திரைப்படச் சட்டத்தை மீறியதாக ஹோங் கி-சோனும் லீ ஹ்யோ-இன்னும் கைதானார்கள். 8 மி.மீ. சின்னதாக இருந்ததால் தப்பித்தது என்பதைவிட, விவசாயி பார்க்காதவரை தப்பித்தது என்பதே சரி. அதே ஆண்டு குழு ‘சியோல் காட்சிக் குழு’ என்று பெயர் மாற்றிக்கொண்டது.

மூலப் பிரதியிலிருந்து பல பிரதிக்கு

1980-களின் பிற்பகுதியில் மற்றப் பல்கலைக்கழகங்களிலும் மன்றங்கள் பெருகிவிட்டன. ஹான்யாங்கின் ‘சோனாகி’ போன்ற மன்றங்களிலிருந்து வந்தவர்கள் 1988-இல் ‘சாங்சான்கொட்மே’ என்ற குழுவாகச் சேர்ந்தார்கள். முன்னணியில் அதே ஹோங் கி-சோன். குவாங்ஜு பற்றிய ‘ஓ! கனவு தேசம்’ 1989-இலும், தொழிற்சாலை வேலைநிறுத்தம் பற்றிய ‘வேலைநிறுத்தத்துக்கு முந்தைய இரவு’ 1990-இலும் வந்தன. இரண்டும் 16 மி.மீ., இரண்டும் முன்தணிக்கைக்குப் போகாதவை.

8-இலிருந்து 16-க்கு மாறியது படத்தின் தரத்துக்காக மட்டும் என்று நினைத்தால் பாதிதான் புரியும். ஃபிரேமின் பரப்பு மூன்று மடங்குக்கு மேல் பெரிது, ஒலி சுருளிலேயே இருக்கும், இதெல்லாம் சரி. பெரிய ஆதாயம், நெகட்டிவிலிருந்து எத்தனை பிரிண்ட் வேண்டுமானாலும் போடலாம் என்பது. 1990-இல் போலீஸ் திரையிடல்களைத் தடுக்க வளாகங்களைச் சூழ்ந்தது. சோன்னாம் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஹெலிகாப்டரே வந்தது. ஒரே பிரதியாக இருந்திருந்தால் ஒரு பறிமுதலோடு கதை முடிந்திருக்கும். ஓரிடத்தில் பிடுங்கினால் இன்னோரிடத்தில் ஓடும் என்ற நிலை வந்தபோது, பார்த்தவர் எண்ணிக்கை 3 லட்சம் என்று சொல்லுமளவுக்கு உயர்ந்தது.

ஓட்டுவது இலேசல்ல. 16 மி.மீ. ஒலிப்படம் நிமிடத்துக்கு 36 அடி ஓடும். 100 நிமிடப் படம் 3,600 அடி, 1,200 அடி ரீலில் மூன்று. ஒவ்வொன்றும் 33 நிமிடம். ஒரே புரொஜெக்டர் இருந்தால் இரண்டு முறை விளக்குப் போட்டு ரீல் மாற்றவேண்டும். பழகிய கைக்கு மூன்று நிமிடம், பழகாத கைக்குப் பத்து. வாசலில் போலீஸ் நிற்கும்போது அந்தப் பத்து நிமிடத்தில் கூட்டம் கலையலாம், அல்லது கோஷமாக மாறலாம். எனவே திரையிடும் ஆளுக்கே தனிப் பயிற்சி தேவைப்பட்டது: புரொஜெக்டருக்குள் சுருளைத் தொய்வாக விடும் வளையத்தை, அதாவது லூப்பை, சின்னதாக விட்டால் சுருளின் துளை கிழியும், பெரிதாக விட்டால் ஒலி படத்திலிருந்து விலகும். இயக்குநரின் பெயர் சுவரொட்டியில் வரும், லூப் போடுகிறவர் பெயர் எங்கும் வராது. படத்தை முடிக்க வைத்தவர் அவர்தான்.

சாங்சான்கொட்மே தொடர்ந்த சட்டப் போராட்டத்தில் 1996 அக்டோபர் 4-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் திரைப்பட முன்தணிக்கை செல்லாது என்று தீர்ப்பளித்தது.

எது பொருந்தும், எது பொருந்தாது

இன்று சுருள் தீர்ந்துபோகாது, வெளிச்சமும் பெரிய தடையில்லை. கைபேசியில் 300 லக்ஸ் தாராளம். 1:3 என்ற விகிதம் 1:30 ஆகிவிட்டது, எடிட்டிங் மேசையில்தான் அந்தக் கடன் வந்து விழுகிறது. மாறாதது ஆயுள் கணக்கு. நான்கு ஆண்டில் ஆள் மாறும். புதிய மன்றங்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்: ஹார்ட் டிஸ்க் யாரோ ஒரு சீனியரின் வீட்டில், மன்றக் கணக்கின் கடவுச்சொல் அவருக்கு மட்டும், எடிட்டிங் ப்ராஜெக்ட் கோப்பு திறக்காத பழைய பதிப்பில். வெளியேறும் தொகுதி தன் கடைசிப் பருவத்தில் படம் இயக்காமல், அடுத்த தொகுதியின் படத்தில் கேமரா, ஒலி, எடிட்டிங் மூன்றிலும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பது என்று ஒரு வழக்கம் வைத்தால் இதில் பாதி தீரும். ஒப்புக்கொள்கிறவர் கிடைப்பது கடினம்; எல்லோருக்கும் கடைசிப் பருவத்தில்தான் சொந்தப் படம் எடுக்க ஆசை வரும்.

கொரிய உதாரணத்தில் பின்பற்ற முடியாதது அந்தக் காலம். தடை இருந்ததால் கூட்டம் வந்தது. இணையத்தில் ஏற்றிவிட்டால் காட்டியாயிற்று என்று இன்று எண்ணும் மன்றத்துக்கு அந்தக் கூட்டம் தானாக வராது. தேதி, அறை, நாற்காலி எண்ணிக்கை ஆகியவற்றைப் படப்பிடிப்புக்கு முன்பே முடிவு செய்வது நடைமுறைக்கு ஒத்துவரும். 60 நாற்காலி என்றால் 60 பேரை அழைக்கும் பொறுப்பும் யாருக்காவது தரப்பட்டிருக்கவேண்டும்.

எஞ்சிய சுருள்கள்

ரிவர்சல் மூலங்களுக்கு வயதாகிறது. அசிடேட் அடித்தளம் ஈரத்திலும் சூட்டிலும் சிதைந்து வினிகர் வாடை வீசத் தொடங்கும், சுருள் சுருங்கும், துளைகளின் இடைவெளி மாறிப் புரொஜெக்டரின் பல்லில் உட்காராது. ஒரு டப்பாவில் தொடங்கினால் பக்கத்து டப்பாவுக்கும் பரவும், பிரித்து வைக்கவேண்டும். பழைய டேப் ஒட்டுகளைப் பிரித்து, பசையைத் துடைத்து, புதிதாக ஒட்டிய பிறகே ஸ்கேன் செய்ய முடியும். 200 ஒட்டு உள்ள படத்துக்கு மீண்டும் அதே எட்டு மணி நேரம். கொரியாவில் பழைய படங்களைக் காக்கும் பொறுப்பு கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திடம் இருக்கிறது. 2021-இல் அதன் தலைவராகப் பொறுப்பேற்றவர் யல்லாஷோங்கிலிருந்து வந்த அதே கிம் ஹோங்-ஜூன்.